வெளிநாட்டில் களவு போனால் கொழும்பில் தொடங்கும் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வெளிநாட்டு வேலை, வெளிநாட்டுப் படிப்பு விளம்பரங்களுக்குக் குறைவில்லை. எப்படிப் போவது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போன இடத்தில் ஒரு நாள் கடவுச்சீட்டும் போனும் காசும் ஒன்றாகக் களவு போய்விட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்த நாளில் அழுகைக் குரல் வந்து சேருவது வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் மட்டக்குளிக்கும்தான். இங்கே போனை எடுக்கும் தாய்க்கும் என்ன செய்வதென்று தெரியாது.

பொலிஸ் அறிக்கைகள், சத்தியக் கடதாசிகள், தூதரகக் கடிதங்கள் இவற்றை மொழிபெயர்ப்பது எங்கள் தொழில். களவு போன பொருளைவிட, அதன் பிறகு ஒழுங்கு மாறிச் செய்த காரியங்களால் வந்த நட்டமே பெரிது என்பதை அந்தக் கடதாசிகளே காட்டுகின்றன. அந்த ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறோம். அதில் பாதி வேலை கொழும்பில் இருப்பவர்களுடையது என்பதால் உங்கள் வாசகர்களுக்கு இது நேரடியாகவே தேவைப்படும்.

எல்லாவற்றுக்கும் முதல் பூட்ட வேண்டியது போன். கடவுச்சீட்டை எடுத்த கள்ளன் அதை வைத்து அன்றிரவே பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. போனை எடுத்தவன் பத்து நிமிடத்தில் வங்கிக் கணக்கில் கை வைக்கலாம். லண்டனில் மின்சார சைக்கிளில் வந்து பறிப்பவர்கள், தெருவில் வரைபடம் பார்த்துக்கொண்டோ வாட்ஸ்அப் எழுதிக்கொண்டோ நிற்பவரின் போனைத்தான் பறிப்பார்கள். அது பூட்டுத் திறந்த நிலையில் இருக்கும். கடவு இலக்கம் எதுவும் தேவையில்லை. பாரிஸில் மெட்ரோ கதவு மூடத் தொடங்கும் நொடியில் கதவோரம் நிற்பவரின் கையிலிருந்து இழுத்துக்கொண்டு இறங்கி ஓடுவார்கள். கதவுக்குப் பக்கத்து இருக்கை வசதியானது, ஆனால் போனை வெளியே எடுக்கத் தகுந்த இடமல்ல.

ஐபோன் என்றால் பக்கத்தில் நிற்கும் யாருடைய போனிலாவது ஐகிளவுட் தளத்தின் 'ஃபைண்ட்' பக்கத்தைத் திறந்து, போனைத் தூரத்திலிருந்தே பூட்டும் 'லொஸ்ட் மோட்' போட வேண்டும். பலருக்குத் தெரியாத ஒரு வசதி: அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் களவு போன போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீடு தேவையில்லை. ஆப்பிள் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் போதும். ஆகவே அந்தக் கடவுச்சொல் மனப்பாடமாக இருக்க வேண்டும், போனுக்குள் சேமித்து வைத்தால் பயனில்லை. 2024 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 17.3 முதல் 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்ஷன்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டிருந்தால், தோளுக்குப் பின்னால் நின்று உங்கள் கடவு இலக்கத்தைப் பார்த்தவன்கூட, பழக்கமில்லாத இடத்தில் வைத்து ஆப்பிள் கடவுச்சொல்லை உடனே மாற்ற முடியாது. முகத்தைக் காட்டவும் ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டியிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் நீங்கள் எல்லாவற்றையும் பூட்டிவிடலாம்.

ஆண்ட்ராய்ட் போனில் இதே வேலையைக் கூகுள் கணக்கு வழியாகச் செய்யலாம். அங்கே வரும் தடங்கல், வேறு போனில் நுழையும்போது உறுதிப்படுத்தும் குறியீடு களவு போன போனுக்கே போவது. அதற்காகத்தான் கூகுள் 'பேக்அப் கோட்' என்று எட்டு இலக்கங்களில் பத்துக் குறியீடுகள் தருகிறது. ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் வேலை செய்யும். அவற்றைத் தாளில் எழுதி ஒரு பிரதியைப் பெட்டியிலும் ஒரு பிரதியைக் கொழும்பு வீட்டிலும் வைக்க வேண்டும். இன்னொன்று: ஆண்ட்ராய்ட் போனை முதலில் பூட்டுங்கள், பிறகு அழியுங்கள். அழித்த பின் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது.

போனைப் பூட்டினாலும் உள்ளே இருக்கும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போடலாம். உங்கள் வங்கி அனுப்பும் ஓ.ரி.பி, அதாவது ஒரு தடவை மட்டும் செல்லும் இரகசியக் குறியீடு, அந்தப் போனில் வந்து விழும். இதைத் தடுக்கச் சிம்முக்கே ஒரு பின் இலக்கம் போடலாம், ஒவ்வொரு போனிலும் அந்த வசதி இருக்கிறது. மூன்று முறை பிழையாக அழுத்தினால் சிம் பூட்டிக்கொள்ளும். பிறகு திறக்க பியூகே இலக்கம் வேண்டும். அந்த இலக்கம் சிம் வந்த பிளாஸ்ரிக் அட்டையில் அச்சிட்டிருக்கும். அந்த அட்டையைத்தான் எல்லோரும் முதல் நாளே குப்பையில் போடுகிறார்கள்.

இலங்கைச் சிம்மை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, சிம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது. புதுச் சிம் எடுப்பதற்குப் பதிவான ஆள் அடையாள அட்டையோடு கிளைக்குப் போக வேண்டும். அவர் டோஹாவில் இருந்தால் கொழும்பில் இருக்கும் அண்ணன் போய் நின்று பயனில்லை. அவருக்கு அதிகாரம் கொடுக்கும் கடிதத்தை அந்தத் தொலைபேசி நிறுவனம் எந்த வடிவில் ஏற்கும் என்பதைப் புறப்படுமுன் கேட்டு, கடிதத்தை எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். மற்றது, முற்பணச் சிம்மில் நீண்ட காலம் ரீலோட் போடாவிட்டால் இலக்கம் துண்டிக்கப்படும், பிறகு அதே இலக்கம் வேறொருவர் கைக்குப் போகலாம். வங்கியில் பழைய இலக்கமே பதிவில் இருந்தால் அவருக்கு உங்கள் ஓ.ரி.பி போகும். வீட்டில் ஒருவர் அவ்வப்போது சிறு தொகைக்கு ரீலோட் போட்டால் இது வராது.

அடுத்தது வங்கி அட்டை. இங்கே நமக்குப் பழக்கமான நான்கு இலக்க அவசர எண்கள் வெளிநாட்டிலிருந்து அழைத்தால் வேலை செய்யாது. +94 உடன் தொடங்கும் முழு இலக்கம் வேண்டும், அது அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அட்டையே களவு போன பிறகு பின்புறத்தைப் பார்ப்பது எப்படி? புறப்படுமுன் அந்த இலக்கத்தை எழுதி வைப்பது தவிர வேறு வழியில்லை. வீட்டார் இங்கிருந்து அழைத்து அட்டையை நிறுத்தச் சொல்வதும் உண்டு. அட்டை இலக்கத்தின் கடைசி நான்கும், கணக்கு எந்தக் கிளை என்பதும், அடையாள அட்டை இலக்கமும் கையில் இருந்தால் அந்த அழைப்பு விரைவாக முடியும். பிரான்ஸ் வங்கி அட்டை என்றால் அந்த நாட்டில் எல்லா வங்கிகளுக்கும் பொதுவாக 0 892 705 705 என்ற இலக்கம் இருக்கிறது. பிரித்தானியாவில் 159 அழைத்தால் பெரும்பாலான வங்கிகளின் மோசடிப் பிரிவுக்குத் தொடுத்துக் கொடுப்பார்கள். அட்டையை நிறுத்திய நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதி வையுங்கள். அந்த நேரத்துக்குப் பின் போன காசைப் பற்றி வங்கியோடு வாதாட உங்களுக்கு இருக்கும் ஆதாரம் அதுதான்.

போன் போய் இரண்டு மூன்று நாளில் இரண்டாவது களவு தொடங்கும். 'உங்கள் போன் கண்டுபிடிக்கப்பட்டது, இங்கே அழுத்தவும்' என்று ஒரு குறுஞ்செய்தி வரும். ஆப்பிள் அனுப்பியது போலவே இருக்கும். அழுத்தினால் கடவுச்சொல் கேட்கும். கள்ளனுக்கு வேண்டியது அதுதான். உங்கள் கணக்கிலிருந்து போனை நீக்கும் வரை அதை நல்ல விலைக்கு விற்க முடியாது. என்ன செய்தி வந்தாலும், எவர் கெஞ்சினாலும், மிரட்டினாலும், கணக்கிலிருந்து அந்தப் போனை நீக்காதீர்கள்.

வாட்ஸ்அப் வழியாக வருவது இதைவிடக் கொடியது. உங்கள் பெயரிலேயே, உங்கள் படத்தோடு அம்மாவுக்கு ஒரு செய்தி போகும்: 'ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பேச முடியாது, இந்தக் கணக்குக்கு இரண்டு இலட்சம் உடனே போடுங்கள்.' பதறாத தாய் யார்? இதற்கு இரண்டு காப்பு உண்டு. வாட்ஸ்அப்பில் இரண்டு கட்ட உறுதிப்படுத்தலுக்கான ஆறு இலக்கப் பின்னைப் போட்டு வைப்பது ஒன்று. மற்றது, குடும்பத்துக்குள் ஒரு சொல் வைத்துக்கொள்வது. பாட்டியின் ஊர்ப் பெயர், பழைய வீட்டு நாயின் பெயர் என்று வெளியாள் ஊகிக்க முடியாத எதுவாகவும் இருக்கலாம். காசு கேட்டு வரும் எந்தச் செய்திக்கும் அந்தச் சொல்லைக் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்பக்கூடாது. அதே இலக்கத்தில் புதுச் சிம் எடுத்து வாட்ஸ்அப்பைத் திறந்தவுடன் கள்ளன் கையில் உள்ளது தானாக வெளியேறும். சிம் கிடைக்கத் தாமதமானால் வாட்ஸ்அப் உதவிப் பிரிவுக்கு நாட்டுக் குறியீட்டோடு இலக்கத்தைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பிக் கணக்கை நிறுத்தி வைக்கலாம். 30 நாளுக்குள் மீண்டும் திறக்காவிட்டால் அந்தக் கணக்கு அழிந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பொலிஸ் நிலையம். ஆனால் அதே நாளில் போக வேண்டும். சில காப்புறுதிகள் 24 மணி நேரத்துக்குள் முறைப்பாடு செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கின்றன. நாள் தவறினால் வாதாட இடமில்லை. களவு நடந்த இடத்து முறைப்பாடுதான் செல்லும். பாரிஸில் போன பொருளுக்கு வெள்ளவத்தைப் பொலிஸில் எழுதிய முறைப்பாட்டை அனுப்பி வைப்பது வீண் அலைச்சல்.

அறிக்கையில் 'தொலைந்தது' என்று எழுதுவதா, 'களவு போனது' என்று எழுதுவதா என்பதில் கவனம் வேண்டும். கூட்டம் கூடிய நிலையத்தில் அதிகாரி சுருக்கமாக முடிக்கத் தொலைந்ததாக எழுதிவிடுவார். பல காப்புறுதிகள் களவுக்கு மட்டுமே காசு தரும், தொலைத்ததற்குத் தராது. பிரான்ஸில் 'மெயின் கூரான்ட்' என்பது வெறும் பதிவு. 'ப்ளான்ட்' என்பதுதான் முறைப்பாடு. முதலாவதை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டால் காப்புறுதி நிறுவனம் திருப்பி அனுப்பும், ஆகவே 'ப்ளான்ட்' என்ற சொல்லைச் சொல்லியே கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் பொலிஸ் நிலையத்தில் முதலில் கையில் தருவது முறைப்பாட்டைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர் துண்டு. எஃப்.ஐ.ஆர் (முதல் தகவல் அறிக்கை) போட்டால் அதன் பிரதியை முறைப்பாட்டாளருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். பிரித்தானியாவில் அவசரமில்லாத களவுக்கு 101 அல்லது பொலிஸ் இணையத்தளம் போதும், அங்கே தரும் குற்றப் பதிவு இலக்கத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள்.

இனி நாங்கள் மேசையில் வைத்து நாளாந்தம் பார்க்கும் ஒரு சிக்கல். நம்மவர் பெயர் வெளிநாட்டுப் பொலிஸ் அறிக்கையில் அபூர்வமாகத்தான் சரியாக வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் நிற்கும். வாயால் சொன்னால் அதிகாரி தன் வழக்கப்படி முன்பின்னாக எழுதுவார். வளைகுடாவில் இது இன்னும் சிக்கலாகும். அரபியில் 'பாரிஸ்' என்ற சொல்லின் முதல் ஒலிக்கு எழுத்து இல்லை, 'பம்பாய்' என்ற சொல்லின் முதல் ஒலிக்குத்தான் எழுத்து இருக்கிறது. பரமேஸ்வரன் என்ற பெயரை அரபியில் எழுதி, அதை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும்போது முதலெழுத்தே மாறிவிடும். குறில் உயிர்களையும் அரபியில் பெரும்பாலும் எழுதுவதில்லை, ஆகவே நடுவிலும் எழுத்துகள் இடம் மாறும். இரண்டு கடதாசியிலும் இரண்டு ஆள் என்று கருமபீடத்தில் திருப்பி அனுப்புகிறார்கள்.

இதற்குச் சுலபமான பரிகாரம் உண்டு. பெயரை வாயால் சொல்லாமல், கடவுச்சீட்டில் உள்ளபடியே பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுதிய துண்டையோ கடவுச்சீட்டின் நிழற்பிரதியையோ அதிகாரியிடம் கொடுங்கள். அறிக்கையில் கடவுச்சீட்டு இலக்கம் கட்டாயம் இருக்க வேண்டும். பெயர் பிழைத்தாலும் இலக்கம் சரியாக இருந்தால் காப்பாற்றலாம். கையெழுத்து வைப்பதற்கு முன் இலக்கத்தை விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரி பாருங்கள். மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது அறிக்கையோடு கடவுச்சீட்டுப் பிரதியையும் கொடுங்கள். அது இல்லாமல் பெயரை ஊகித்து எழுதும் மொழிபெயர்ப்பாளரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கடவுச்சீட்டுக்கு அந்நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகம் அல்லது உயர்ஸ்தானிகராலயம். தூதரகம் இல்லாத நாடு என்றால் அந்த நாட்டுக்கும் பொறுப்பான அயல்நாட்டுத் தூதரகம். பொலிஸ் அறிக்கை, பழைய கடவுச்சீட்டின் பிரதி, பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டைப் பிரதி, படம் இவற்றைக் கேட்பார்கள். கடவுச்சீட்டைத் தொலைத்ததற்கான தண்டப்பணமும் உண்டு. விண்ணப்பம் அங்கிருந்து பத்தரமுல்லைக்கு வந்து, இங்கே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் கடவுச்சீட்டு அச்சாகித் திரும்பிப் போக வேண்டும், அதனால் நாள் எடுக்கும். உடனே நாடு திரும்ப வேண்டியவர்களுக்குத் தற்காலிகப் பயண ஆவணம் தருவார்கள். அது இலங்கைக்கு வருவதற்கு மட்டும். அதை வைத்துக்கொண்டு வந்துவிட்டு மறுபடி வேலைக்குத் திரும்பலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். வேலையையோ படிப்பையோ தொடர விரும்புகிறவர் அங்கேயே இருந்து முழுக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்பதே நல்லது.

ஒரு முறை களவு போனதாக அறிவித்த கடவுச்சீட்டு பிறகு கட்டிலுக்கு அடியில் கிடைத்தாலும் அதில் பயணம் செய்யக்கூடாது. இலக்கம் ரத்தாகியிருக்கும், இன்டர்போல் தரவுத்தளத்துக்கும் போயிருக்கலாம். விமான நிலையத்தில் தடுத்து வைப்பார்கள். ஆகவே அறிவிக்குமுன் பெட்டி, மெத்தை, அலுமாரி எல்லாம் ஒரு தடவை அமைதியாகத் தேடுங்கள்.

முதலாளி பிடித்து வைத்திருக்கும் கடவுச்சீட்டைத் தொலைந்ததாக அறிவிப்பது அடுத்த ஆபத்து. வளைகுடாவில் இது நடக்கிறது, முகவரே அப்படிச் செய்யச் சொல்வதும் உண்டு. அது பொய் முறைப்பாடு, தண்டனை தொழிலாளிக்குத்தான். தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி வைத்திருப்பதுதான் அங்கே சட்டவிரோதம். கத்தாரில் 2015ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கு 25,000 ரியால் வரை தண்டம் விதிக்கலாம். உள்ளதை உள்ளபடி, 'முதலாளியிடம் இருக்கிறது, தருகிறாரில்லை' என்று தூதரகத்தின் தொழிலாளர் நலன் பிரிவில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

புதுக் கடவுச்சீட்டு கிடைத்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவதும் பிழை. சவூதியில் 'நக்ல் மஃலூமாத்' என்பார்கள், புது இலக்கத்தை இகாமாவோடு, அதாவது வதிவிட அனுமதியோடு, சேர்க்கும் தகவல் மாற்றம். அதைச் செய்யாமல் விடுமுறைக்குப் புறப்பட்டவர்கள் விமான நிலையத்தில் மாட்டுகிறார்கள். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 2022 ஏப்ரல் முதல் கடவுச்சீட்டில் வதிவிட விசா ஒட்டுவதில்லை. எல்லாம் அடையாள அட்டையோடு. அங்கும் புது இலக்கத்தைப் பதிய வேண்டும். பிரித்தானியாவில் பிளாஸ்ரிக் வதிவிட அட்டை போய் இணையத்தில் இருக்கும் இ-விசா வந்துவிட்டது, களவெடுக்க ஒன்றுமில்லை என்பது நிம்மதி. ஆனால் அந்த இ-விசாவுக்கான இணையக் கணக்கில் பழைய கடவுச்சீட்டு இலக்கமும், களவு போன போன் இலக்கமும் இருந்தால் உள்ளே நுழையவே முடியாமல் போகும். இரண்டையும் மாற்ற வேண்டும்.

இந்தியாவுக்குத் தல யாத்திரை போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பிலிருந்து அதிகம் பேர் சும்மா ஊருக்குப் போவதுபோலப் போகும் நாடு அது. திருச்செந்தூரிலோ சபரிமலைப் பாதையிலோ கடவுச்சீட்டு போனால், சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் தற்காலிக ஆவணம் எடுப்பதோடு முடியாது. இந்தியக் குடிவரவுப் பிரிவின் வெளியேறும் அனுமதியும் வேண்டும், அதற்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அது இல்லாமல் விமான நிலையத்துக்குப் போனால் பயணச்சீட்டு வீணாகும். குழுவாகப் போகும்போது ஒரே பையில் எல்லோருடைய கடவுச்சீட்டையும் வைப்பது நம்மிடம் உள்ள பழக்கம். அந்த ஒரு பை போனால் இருபது பேர் நிற்பார்கள். அவரவர் கடவுச்சீட்டு அவரவர் இடுப்பில் இருக்கட்டும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. கனடாவிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் திருவிழாவுக்கு வந்தவர்கள் இங்கே கோயில் சனத்தில் கைப்பையைப் பறிகொடுப்பதுண்டு. அதற்குக் கொழும்புப் பொலிஸ் முறைப்பாடு சரிதான். கனடாவின் நிரந்தர வதிவிட அட்டை போனால், திரும்பிப் போவதற்கென்றே ஒரு தனிப் பயண ஆவணம் இருக்கிறது, அதற்கு இங்கிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். பிரான்ஸ் வதிவிட அட்டை போனால் அந்தத் தூதரகத்தில் திரும்பிச் செல்லும் விசா கேட்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் கிடைக்காது. பயணத் திகதிக்கு முதல் வாரம் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் களவு போன மறுநாளே தொடங்குங்கள்.

தங்கம். ஆசியக் குடும்பங்களின் வீடுகளில் நகை இருக்கும் என்பது லண்டன் கள்ளனுக்கும் ரொறன்ரோ கள்ளனுக்கும் தெரியும். கல்யாணத்துக்குக் குடும்பமாகப் போகும் இரவு, நவராத்திரி, தீபாவளிக் காலம் எல்லாம் அவர்கள் கணக்கில் உண்டு. ரொறன்ரோ சுற்றுவட்டாரப் பொலிஸார் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் ஒரு முறை இது: கார் ஒன்று நடைபாதை ஓரம் நிற்கும். உள்ளிருக்கும் பெண் வயதான அம்மா ஒருவரைக் கூப்பிட்டு வழி கேட்பார். நன்றி சொல்லிக் கையைப் பிடிப்பார், தன் கழுத்து மாலையைக் கழற்றி அம்மா கழுத்தில் போட்டு ஆசீர்வாதம் கேட்பார். போட்டது பித்தளை. அந்தக் கணத்தில் அம்மாவின் தாலிக்கொடியோ சங்கிலியோ கழன்று காருக்குள் போயிருக்கும். வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்க்கும்போதுதான் தெரியும். முதியவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒரே வரி: காருக்குப் பக்கத்தில் போகாதீர்கள், நின்ற இடத்திலிருந்து வழி சொல்லுங்கள்.

வீட்டுக் காப்புறுதி இருக்கிறது என்று நம்பியிருப்பவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு பொருளுக்கான உச்ச வரம்பைப் பாருங்கள். பதினைந்து பவுண் கொடி அந்த வரம்புக்குள் அடங்காது. தனியாகக் குறிப்பிட்டுப் பதிய வேண்டும். அதற்கு மதிப்பீட்டுச் சான்றிதழும், அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து இருபக்கமும் எடுத்த படமும் வேண்டும். செட்டியார் தெருவில் வாங்கிய நகையின் பற்றுச்சீட்டில் நிறையும் கரட்டும் எழுதியிருக்கும். அந்தத் துண்டைப் பழைய காகிதம் என்று எறியாதீர்கள். படம் எடுத்து இங்கேயும் ஒரு பிரதி வையுங்கள்.

வளைகுடாவில் தொழிலாளர் தங்குமிடங்களில் பத்துப் பேர் ஒரு அறையில் படுக்கிறார்கள், காசு தலையணை உறைக்குள் இருக்கிறது. அங்கே போகும் காசைத் திரும்பப் பெறுவது அரிது, ஏனென்றால் எவ்வளவு இருந்தது என்பதற்கே சாட்சியில்லை. சம்பளம் வந்த அன்றே செலவுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிகுதியை வங்கி அல்லது பதிவு பெற்ற பணமாற்று நிலையம் வழியாக அனுப்புவதுதான் வழி. வங்கிக்கு வெளியே ஆள் மூலம் அனுப்பும் உண்டியலில் வீதம் கூடக் கிடைக்கலாம், ஆனால் பற்றுச்சீட்டு கிடையாது. இடையில் காசு மறைந்தால் எந்தப் பொலிஸிலும் சொல்ல முடியாது. எமிரேட்ஸில் 2009 முதல் சம்பளத்தை அரசின் சம்பளக் கண்காணிப்பு முறைமை வழியாகவே செலுத்த வேண்டும் என்பது விதி. கையில் காசாகத் தரும் முதலாளி பின்னால் தரவில்லை என்றால் நிரூபிப்பது கடினம் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

மாணவர்களிடம் அறை வாடகைக்கென்று முற்பணம் பறிப்பதும் களவுதான். வாட்ஸ்அப்பில் அழகான படம், 'இன்றைக்குள் போட்டால்தான் அறை' என்று அவசரம். பார்க்காத அறைக்குக் காசு போடாதீர்கள். அந்த நகரில் தெரிந்த ஒருவர் கதவைத் திறந்து பார்க்கட்டும். இங்கிலாந்தில் வாடகை வைப்புப் பணம் பெரும்பாலும் ஐந்து வாரத்துக்கு மேல் கேட்கக்கூடாது; அதை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் வைக்க வேண்டும். ஒன்ராறியோவில் கடைசி மாத வாடகையையும், திருப்பித் தரும் சாவிப் பணத்தையும் தவிர வேறு வைப்புப் பணம் வாங்கவே சட்டத்தில் இடமில்லை. ஆறு மாதம் முற்பணம் கேட்கிறவர் தமிழராக இருந்தாலும் சரி, யாராக இருந்தாலும் சரி, விதி அதுதான்.

வேலை போவதும் சொல்லாமல் வரும் இடிதான். பிரித்தானியாவில் திறன் தொழிலாளர் விசாவில் உள்ளவரின் வேலை போனாலோ, நிறுவனத்தின் அனுமதிப்பத்திரம் ரத்தானாலோ, அந்நாட்டு உள்துறை அமைச்சு விசாக் காலத்தைச் சுருக்கி அறிவிக்கும். வழக்கமாக 60 நாள், விசாவில் அதைவிடக் குறைவாக மிச்சமிருந்தால் அவ்வளவுதான். அந்த அறிவித்தல் மின்னஞ்சலுக்கு வரும் என்பதால் பழைய மின்னஞ்சலைக் கைவிடாதீர்கள். சவூதியில் முதலாளி 'ஹுரூப்', அதாவது ஓடிப்போனவர் என்று பதிந்துவிட்டால் பெரும் சிக்கல். கடவுச்சீட்டு விஷயமாகத் தூதரகம் போவதென்றால்கூட எங்கே, எதற்காக, எப்போது திரும்புவேன் என்று முதலாளிக்கு ஒரு செய்தி அனுப்பி அதைப் படம் பிடித்து இங்கே வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள். போன் போனாலும் அந்தப் படம் வீட்டில் இருக்கும்.

கொழும்பில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989, அல்லது பத்தரமுல்லை கொஸ்வத்தையிலுள்ள தலைமையகம். வெளியூரில் இருப்பவர்கள் பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போகலாம். பணியகத்தில் பதிந்து போயிருந்தால் காப்புறுதி உரிமையும் உண்டு. போகும்போது கையில் கடவுச்சீட்டுப் பிரதி, வேலை ஒப்பந்தப் பிரதி, முதலாளியின் பெயரும் தொலைபேசியும், முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திர இலக்கம் இருக்க வேண்டும். இவை இல்லாமல் அழுதுகொண்டு போய் நின்றால் அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எதையும் தொடங்க முடியாது.

அதற்காகத்தான் ஒரு கடித உறை. புறப்படும் ஒவ்வொருவரும் வீட்டில் ஒன்று வைத்துவிட்டுப் போக வேண்டும். கடவுச்சீட்டின் படமுள்ள பக்கமும் விசாப் பக்கமும், அடையாள அட்டையின் இருபக்கமும், பிறப்புச் சான்றிதழின் பிரதியும் அதன் பதிவு இலக்கமும் திகதியும் (இலக்கம் தெரிந்தால் புதுப்பிரதி எடுப்பது இலகு), ஒப்பந்தம், வங்கியின் முழு இலக்கம், கூகுள் பேக்அப் கோட், சிம்மின் பியூகே அட்டை, ஒவ்வொரு போனுக்கும் தனியான 15 இலக்க ஐஎம்ஈஐ எண். கடைசியாகச் சொன்னது போன் பெட்டியின் பின்புறத்து வெள்ளை ஸ்ரிக்கரில் கோடுகளுக்குக் கீழே அச்சாகியிருக்கும், போனில் *#06# அழுத்தினாலும் வரும். அந்த இலக்கம் இருந்தால்தான் வலையமைப்பு போனை முடக்கும். அதோடு ஒவ்வொருவருக்கும் வீட்டு இலக்கங்களில் குறைந்தது இரண்டு மனப்பாடமாக இருக்க வேண்டும். கடன் வாங்கிய போனில் அழுத்தத் தெரியாவிட்டால் அந்த உறை இருந்தும் என்ன?

இன்னொன்று, இது கடதாசி விஷயமல்ல. களவு கொடுத்தவர்கள் அதை வீட்டுக்குச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். கடன்பட்டு அனுப்பிய அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் மறைக்கிறார்கள். அந்த இரண்டு வாரத்தில் அட்டை நிறுத்தவில்லை, முறைப்பாடு எழுதவில்லை, கணக்கு வெறுமையாகிவிடுகிறது. பெற்றோர்களே, பிள்ளைகள் அழைக்கும்போது முதல் கேள்வியாக 'நீ கவனமாக இருந்திருக்கக் கூடாதா' என்று கேட்காதீர்கள். 'உனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று கேளுங்கள், பிறகு உறையை எடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு வேலை விளம்பரங்கள் வரும் பக்கத்தின் மூலையில், வெட்டி எடுத்து அலுமாரிக் கதவில் ஒட்டக்கூடிய அளவில், இந்த ஒழுங்கை மாதம் ஒரு தடவை போடுங்கள். முதல் வரியில் போனைப் பூட்டும் முறை இருக்கட்டும், பொலிஸ் அதற்குப் பிறகு வரட்டும்.

இப்படிக்கு,
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள் இருவர்,
கொழும்பு 06.